எதை எடுப்பது, எதை விடுவது: மூலிகைக்கு எந்தக் கரைப்பான்?

கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு ஒரு கிலோவை இடித்து நான்காகப் பங்கிடுங்கள். ஒரு பங்கைத் தண்ணீரிலும், ஒன்றை எத்தனாலிலும், மூன்றாவதை எத்தில் அசிடேட்டிலும், கடைசிப் பங்கை ஹெக்சேனிலும் ஊறப்போடுங்கள். நான்கு குடுவையும் கிராம்பாகத்தான் மணக்கும். வடித்து வற்றவைத்த பிறகு பார்த்தால் நான்கும் வேறு வேறு பொருள். தண்ணீர்ப் பங்கில் நாக்கைச் சுருட்டும் பழுப்புப் பசை மிஞ்சும். மணத்தில் பெரும்பகுதி ஆவியோடு போயிருக்கும். எத்தனால் பங்கில் எண்ணெயும் துவர்ப்பும் கலந்த கருஞ்சாந்து. எத்தில் அசிடேட் பங்கில் எண்ணெயோடு ஓலியானோலிக் அமிலமும் இடைத்தர ஃபீனால்களும். ஹெக்சேன் பங்கில் துவர்ப்பே இல்லாத எண்ணெய், அடியில் கொஞ்சம் மெழுகு.

‘எந்தக் கரைப்பான் நல்லது?’ என்று புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். வீட்டு வளவில் நல்லமிளகும் சாதிக்காயும் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். தைலம் காய்ச்சும் வைத்தியர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘எதில் அதிகம் இறங்கும்?’ என்ற பொருளில்தான் கேட்கிறார்கள். அதிகம் இறக்குவது பெரிய காரியமில்லை. வேண்டாததையெல்லாம் சக்கையிலேயே விட்டுவிட்டு வரும் கரைப்பான் எது என்று பார்ப்பதில்தான் தேர்வு இருக்கிறது. 20 சதவீதம் சாறு கொடுத்து, அதில் பெரும்பகுதி டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சர்க்கரையுமாக இருந்தால், 4 சதவீதம் மட்டும் கொடுத்த கரைப்பானே உங்களுக்கு உதவியிருக்கிறது.

## முதலில் அளவுகோல்

முனைவு. தண்ணீரின் மூலக்கூறில் மின்சுமை ஒருபக்கம் தூக்கலாக இருக்கும். ஹெக்சேனில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. சர்க்கரை, உப்பு, டானின், சர்க்கரை ஒட்டிய கிளைக்கோசைடுகள் தண்ணீர்ப் பக்கம் சாயும். மெழுகு, கொழுப்பு, டெர்ப்பீன் எண்ணெய்கள் ஹெக்சேன் பக்கம் சாயும். சங்கடம் என்னவென்றால், மருந்துக்கும் மணத்துக்கும் நாம் தேடும் பொருள்களில் பல இரண்டுக்கும் நடுவில் நிற்பவை: மிளகின் பைப்பரின், கிராம்பின் யூஜினால், மஞ்சளின் குர்குமின், ஃபிளேவனாய்டுகள். எத்தனால், அசிட்டோன், எத்தில் அசிடேட் ஆகிய நடுத்தரக் கரைப்பான்களுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

சூடு. வேண்டிய பொருள் கொதியைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு சீனாவின் மாசிப்பச்சை இனச் செடியிலிருந்து மலேரியா மருந்து கிடைத்த கதை. கொதிநீர்ச் சாறு சீராக வேலை செய்யவில்லை. 1971-இல் சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு 35 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் ஈதருக்கு மாறி, சாற்றின் அமிலப் பகுதியையும் நீக்கியபோது மருந்து பிடிபட்டது. ஆர்ட்டிமிசினின் என்ற அந்தப் பொருளுக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி அதேதான், மாறியது கரைப்பானும் சூடும்.

வெளியேற்றும் செலவு. கரைப்பானை ஊற்றுவது ஒரு நிமிட வேலை, அதைத் திரும்ப விரட்டுவதுதான் செலவு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, ஒரு லிட்டர் ஹெக்சேனுக்கு ஆவதைப்போலச் சுமார் 10 மடங்கு வெப்பம் வேண்டும். எத்தனாலுக்கு ஆவதைப்போல 3 மடங்குக்கு மேல். ‘தண்ணீர் இலவசம்தானே’ என்பவர்கள் விறகுக் கணக்கையும் எழுதிப் பார்க்கவேண்டும்.

மிச்சம். வயிற்றுக்குள் போகும் பொருளா, ஆய்வகத்தில் பரிசோதித்துவிட்டுக் கொட்டும் பொருளா? அமெரிக்க உணவு விதியில் மசாலா ஓலியோரெசினில் (காரமும் மணமும் சேர்ந்த ரெசின் சாறு) ஹெக்சேன் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு), அசிட்டோன் 30, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 50-க்கு மேல் இருக்கக்கூடாது. மருந்துத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான ஐசிஹெச்சின் வழிகாட்டுதல் ஹெக்சேனுக்கு 290 பிபிஎம், மெத்தனாலுக்கு 3000, எத்தனால், அசிட்டோன், எத்தில் அசிடேட் மூன்றுக்கும் 5000 என்கிறது. வீட்டில் ‘மணம் போய்விட்டது, எனவே கரைப்பான் போய்விட்டது’ என்று சொல்ல வழியில்லை. 25 பிபிஎம் ஹெக்சேனை மூக்கு கண்டுபிடிக்காது.

தீயும் உரிமமும். இவற்றைக் கீழே ஒவ்வொன்றிலும் பார்க்கலாம்.

| கரைப்பான் | கொதிநிலை (டிகிரி) | நன்றாக எடுப்பது | கூடவே ஒட்டிக்கொண்டு வருவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| தண்ணீர் | 100 | டானின், கிளைக்கோசைடு, சப்போனின் | சர்க்கரை, பிசின், மாவு, உப்பு | எரிபொருள், பூஞ்சை |
| எத்தனால் 50–60% | 80-ஐ ஒட்டி | ஃபிளேவனாய்டு, ஃபீனால் | டானின், கொஞ்சம் சர்க்கரை | வற்றவைக்க நேரம், உரிமம் |
| எத்தனால் 95% | 78 | அல்கலாய்டு, ரெசின், எண்ணெய் | பச்சையம், சிறிது மெழுகு | உரிமம் |
| அசிட்டோன் | 56 | ரெசின், குர்குமின் | நீரும் சேர்ந்து இறங்கும் | ஆவி இழப்பு, தீ |
| எத்தில் அசிடேட் | 77 | இடைத்தர ஃபீனால், பைப்பரின் | பச்சையம் | காரத்தில் சிதையும் |
| ஹெக்சேன் | 69 | எண்ணெய், கொழுப்பு, மெழுகு, லிக்னான் சில | இலையானால் கொஞ்சம் பச்சையம், அநேகமாக வேறெதுவும் இல்லை | தீ, நரம்பு பாதிப்பு, மிச்ச வரம்பு |
| தேங்காய் எண்ணெய் | – | எண்ணெயில் கரைபவை | – | திரும்பப் பிரிக்கவே முடியாது |

## தண்ணீர்

கசாயம் என்பது ஒரு கரைப்பான் தேர்வுதான். எட்டுக்கு ஒன்றாக வற்றவைப்பதில் இரண்டு காரியம் ஒருங்கே நடக்கிறது: கரைபவை இறங்குகின்றன, ஆவியாகும் எண்ணெய்கள் பறந்துவிடுகின்றன. மணப்பொருளைக் கடைசியில் பொடித்துத் தூவும் பழக்கத்துக்கு இதில் பொருள் இருக்கிறது.

தண்ணீர் எடுக்காது என்று நினைக்கும் பொருளும் கொஞ்சம் எடுபடும். யூஜினால் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கரையும். கிராம்பை ஆவியில் வடிப்பவர்கள் அடியில் தங்கிய எண்ணெயை எடுத்துவிட்டு மேலே நிற்கும் பால்நீரைக் கொட்டினால், ஒவ்வொரு லிட்டரோடும் அந்த அளவு போகிறது. அதே நீரை மறுபடி கொதிகலத்துக்கே திருப்பிவிட வேண்டும். கிராம்பெண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அது கீழே தங்கும். லெமன்கிராஸுக்குச் செய்த, எண்ணெய் மேலே மிதக்கும் வகைப் பிரிகலத்தை அப்படியே இதற்குப் பயன்படுத்தினால் எண்ணெய் நீரோடு வெளியே ஓடிவிடும்.

கெடுவது எங்கே? கிணற்று நீரில் இரும்பு இருந்தாலும், இரும்புச் சட்டியில் காய்ச்சினாலும் டானின் கருநீலமாக மாறும். மண்பானை அல்லது ஸ்டீல் பாத்திரம் போதும். வடித்த சாறு நம் ஈரக்காற்றில் இரண்டாம் நாளே நூல்விடும், மூன்றாம் நாள் பூஞ்சை கட்டும். உலர்த்திப் பொடியாக்கினாலும் சர்க்கரையும் உப்பும் ஈரத்தை இழுத்துக் கட்டிபிடிக்கும். அதைத் தடுக்க மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால், உங்கள் ‘சாற்றுப்பொடி’யில் ஒரு பங்கு மாவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மேலான தேர்வாவது: உள்ளுக்குச் சாப்பிடும் பொருள், தேடுவது டானின் அல்லது கிளைக்கோசைடு, அன்றன்றைக்கே பயன்படுத்துவது. மூன்றும் சேர்ந்தால் வேறெதையும் தேடவேண்டாம்.

## தேங்காய் எண்ணெய்

வர்ம வைத்தியத்தின் தைலங்கள் ஹெக்சேன் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்கின்றன: எண்ணெயில் கரைபவற்றை இழுக்கின்றன. கல்கத்தில் (அரைத்துச் சேர்த்த மூலிகை விழுதில்) ஈரம் இருக்கும்வரை எண்ணெய் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் தீர்ந்த கணத்தில் சூடு சட்டென்று ஏறும். மெழுகு பதம், மணல் பதம் என்று பிரித்துவைத்தது இந்தத் திருப்பத்தைப் பிடிக்கத்தான். திரியில் தொட்டுத் தீயில் காட்டும்போது சடசடப்பு நின்றால் நீர் போய்விட்டது. அதற்கு மேலும் அடுப்பிலிருந்தால் கல்கம் கருகி, இறங்கிய பொருளே சிதையும்.

இதன் ஒரே குறை பெரிய குறை: கரைப்பானும் சரக்கும் இனிப் பிரியாது. வெளிப்பூச்சுக்கு அது நன்மை, அளந்து ஆய்வதற்கு முட்டுக்கட்டை.

## எத்தனால்

நடுத்தரக் கரைப்பான்களில் இதற்கு ஒரு வசதி உண்டு. தண்ணீரைச் சேர்க்கச் சேர்க்க அதன் குணத்தை நீங்களே திருகலாம். 95 சதவீதத்தில் ரெசினும் அல்கலாய்டும் பச்சையமும் வரும். 50–60-க்கு இறக்கினால் பச்சையமும் மெழுகும் பெருமளவு சக்கையில் நின்று, ஃபிளேவனாய்டுகளும் ஃபீனால்களும் முன்னுக்கு வரும். இலையை 95-இல் போட்டுவிட்டு ‘சாறு கரும்பச்சையாக இருக்கிறது, என்ன செய்ய?’ என்று கேட்பவர்கள் முதலில் மாற்றவேண்டியது இந்த விகிதத்தைத்தான். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், சாற்றில் தண்ணீர் சேர்த்துப் பாதி வலிமைக்கு இறக்கிக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். பச்சையம் பெரும்பாலும் திரண்டு படியும், மேல்நீரை வடித்தெடுக்கலாம்.

ஒரு லிட்டர் 70 சதவீதம் வேண்டுமென்றால் 95 சதவீத எத்தனால் 737 மில்லியை எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்வரை நீர் சேர்க்கவேண்டும். 737-உடன் 263 மில்லி நீர் என்று தனித்தனியே அளந்து ஊற்றினால் ஒரு லிட்டர் வராது. இரண்டும் கலக்கும்போது கன அளவு சுருங்கும்.

பச்சையிலையைப் பொறுத்தவரை எத்தனாலுக்கு இன்னொரு நன்மை: இலையை நறுக்கியதும் தொடங்கும் நொதிகளின் வேலையை அது நிறுத்திவிடும். தண்ணீரில் நறுக்கிப்போட்ட இலை பழுப்பாவது அந்த நொதிகளால்தான்.

இனி மறைசெலவு. திரும்ப வடித்தெடுக்கும் எத்தனால் எவ்வளவு முயன்றாலும் 95.6 சதவீத எடையைத் தாண்டாது. நீரும் எத்தனாலும் அந்த விகிதத்தில் சேர்ந்தே கொதிக்கும். ஈரமான பொடியில் இரண்டு மூன்று முறை சுற்றிவந்த எத்தனால் 85-க்கு இறங்கியிருக்கலாம். அளக்காமல் மறுபடி ஊற்றினால் இரண்டாம் தொகுதிச் சாறு முதல் தொகுதியைப்போல் இருக்காது, காரணமும் புரியாது. வலிமையை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர் இதைத் தீர்க்கும். அப்புறம் சக்கை: பொடி பெரும்பாலும் தன் எடைக்குக் கிட்டத்தட்ட ஈடாகக் கரைப்பானைக் குடித்துவைத்துக்கொள்ளும். பிழியாமலோ ஆவியில் வடிக்காமலோ விட்டால் ஒவ்வொரு கிலோவுக்கும் அது நட்டம்.

எத்தனால் வாங்கவும் இருப்பு வைக்கவும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கு மாற்றாகச் சிலர் மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும், கை கழுவும் சானிடைசரையும் ஊற்றுகிறார்கள். ஸ்பிரிட்டில் வேறு சேர்மானங்கள் உண்டு. சானிடைசரில் கிளிசரின் உண்டு. வற்றவைத்தால் கிளிசரின் அடியில் பாகாக நிற்கும், ‘நல்ல மகசூல்’ என்று ஏமாற்றும். ஆய்வக வேலைக்கு மட்டுமென்றால் கலப்பில்லாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தேவலை. 82 டிகிரியில் கொதிக்கும். எத்தனாலைவிட ஒரு படி கொழுப்புப் பக்கம் சாய்ந்தது.

## ஹெக்சேன்

எதையும் விட்டுவைக்கும் திறமையில் ஹெக்சேனுக்கு இணையில்லை. சர்க்கரை, டானின், உப்பு, கிளைக்கோசைடு, பெரும்பாலான ஃபிளேவனாய்டு எல்லாம் சக்கையிலேயே இருக்கும். இறங்குவது எண்ணெயும் கொழுப்பும் மெழுகும், இலையானால் கொஞ்சம் பச்சையமும்தான்.

தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சிப்பூவை எடுத்துக்கொள்வோம். இதைக் கொதிநீராவியில் வடித்தால் மணம் சிதைகிறது, கிடைக்கும் எண்ணெயும் சொற்பம். நறுமணத் தொழிலில் பூவை ஹெக்சேனில் கழுவி, வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் ஹெக்சேனை இழுத்துவிட்டு, மெழுகும் மணமும் கலந்த ‘கான்கிரீட்’ என்ற கட்டியை எடுக்கிறார்கள். ஒரு டன் பூவுக்குச் சுமார் 3 கிலோ. அடுத்து நடப்பதுதான் கரைப்பான் தேர்வின் அழகு: அந்தக் கட்டியை எத்தனாலில் கரைத்துச் சுழிக்குக் கீழ் 15–20 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். மணம் எத்தனாலில் நிற்கிறது, மெழுகு திரண்டு விழுகிறது. வடித்து எத்தனாலை நீக்கினால் கட்டியின் எடையில் பாதியை ஒட்டி ‘அப்சல்யூட்’ மிஞ்சும். முதல் கரைப்பான் சர்க்கரையையும் நாரையும் விட்டது, இரண்டாவது மெழுகை விட்டது. ஒரே கரைப்பானில் இதைச் செய்ய முடியாது. குளிரூட்டலைக் கஞ்சத்தனமாகச் செய்தால், பின்னாளில் புட்டியில் மெழுகு மேகம்போல் மிதக்கும்.

கீழாநெல்லியிலும் இந்தப் பிளவு தெளிவாகத் தெரியும். ஃபில்லாந்தின் என்ற லிக்னானை ஹெக்சேன் எடுக்கும். ஜெரானீன், கொரிலாஜின் போன்ற டானின்களைத் தண்ணீரும் நீரிய எத்தனாலும் எடுக்கும். கசாயத்தைக் குடிப்பவரும் ஹெக்சேன் சாற்றை அளப்பவரும் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெக்சேனின் முதல் எதிரி ஈரம். ஈரப்பொடிக்குள் அது நுழையாமல் சுற்றியே ஓடும். பொடியின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் அடிக்கும் நம் மாவட்டத்தில் இது லேசுப்பட்டதில்லை. இடம் கிடைக்கிறதே என்று ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டில் இலையைக் காயப்போட வேண்டாம். மரப்புகையின் குவாயக்கால் போன்ற ஃபீனால்கள் இலையில் படிந்து, பிறகு செடியின் சரக்கைப்போலவே சாற்றில் வந்து உட்காரும்.

இரண்டாவது, தீ. பற்றும் நிலை சுழிக்குக் கீழ் 22 டிகிரி, காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து பக்கத்து அறை அடுப்பைத் தேடிப்போகும். மின்சாரத்தைக் கடத்தாத திரவம், ஆகவே பிளாஸ்டிக் குழாயில் வேகமாக ஊற்றும்போதே நிலைமின் பொறி கிளம்பலாம். வீட்டு அடுப்படியில் செய்யும் வேலை இது இல்லை. விற்பனைக்கில்லாமல் வைத்திருக்கும் இவ்வகைத் திரவத்துக்குப் பெட்ரோலியச் சட்டம் உரிமமின்றி விடும் அளவு 30 லிட்டர்தான்.

மூன்றாவது உடல். நீண்டநாள் ஆவியை மூச்சில் இழுத்தால் கைகால் நரம்புகள் மரத்துப்போகும். உடலுக்குள் அது 2,5-ஹெக்சேன்டையோனாக மாறுவதால் வருவது இது. ஹெப்டேன் இப்படி மாறாது, ஆனால் 98 டிகிரியில் கொதிப்பதால் விரட்டக் கூடுதல் சூடு வேண்டும்.

## எத்தில் அசிடேட், அசிட்டோன்

இரண்டும் நடுவில் நிற்பவை, ஆனால் ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: அசிட்டோன் தண்ணீரோடு முழுதும் கலந்துவிடும், எத்தில் அசிடேட் தனி அடுக்காக நிற்கும் (நீரில் 8 சதவீத அளவுக்குக் கரையவும் செய்யும்). நீர்ச்சாற்றிலிருந்து பிரிபுனலில் ஃபீனால்களைப் பிரிக்க எத்தில் அசிடேட் வேண்டும். அசிட்டோன் அங்கே பயனில்லை. உலர்ந்த மஞ்சளில் குர்குமின் இறக்க இரண்டும் ஆகும். முதலில் ஹெக்சேனால் மஞ்சள் எண்ணெயைக் கழுவிவிட்டு இதற்குப் போனால் குர்குமின் நன்றாகப் படிகமாகும். எண்ணெய் கூடவே இருந்தால் பிசுபிசுத்துக் கிடக்கும்.

எத்தில் அசிடேட் அடுக்கைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவுவது மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழை. காரத்தில் அது எத்தனாலாகவும் அசிடேட்டாகவும் உடையும். பிரிபுனலில் சூடேறும், அடுக்கு குறையும், காரம் வீணாகும். அசிட்டோனிலும் ஒரு பொறி உண்டு: அமோனியா சேர்த்து அல்கலாய்டு எடுக்கும்போது அது சில அல்கலாய்டுகளோடு தானே சேர்ந்து, செடியில் இல்லாத புதுப்பொருளை உண்டாக்கும்.

## மெத்தனால், டைகுளோரோமீத்தேன்

எடுக்கும் திறன் இரண்டுக்கும் நிறைய. உள்ளுக்குச் சாப்பிடும் எதற்கும் வேண்டாம். மெத்தனால் தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாத பொருள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். ‘எத்தனால் கிடைக்கவில்லை, இதுவும் அதுதானே’ என்று மாற்றிப் போடுவது நினைத்தே பார்க்கக்கூடாதது.

## கரைப்பானை மாற்றாமல் பொருளையே மாற்றுவது

அமிலமும் காரமும் இன்னொரு வழி தருகின்றன. யூஜினால் ஒரு ஃபீனால். காரத்தைக் கண்டால் உப்பாகி நீருக்குத் தாவும். அமிலத்தைக் கண்டால் திரும்ப எண்ணெயாகும். 10 மில்லி கிராம்பெண்ணெயை 50 மில்லி ஹெக்சேனில் கரைத்து, 5 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடு 30 மில்லி வீதம் மூன்று முறை மெதுவாகக் கலக்கிப் பிரியுங்கள். கிராம்பெண்ணெயின் மற்றப் பொருள்களான கேரியோஃபில்லீனும் அசிட்டைல் யூஜினாலும் ஹெக்சேனில் தங்கும். நீரடுக்கைப் பனிக்கட்டியில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் துளித்துளியாக விட்டு பிஹெச் 2 வரை கொண்டுபோனால் யூஜினால் பால்போலத் திரிந்து அடியில் தங்கும். புது ஹெக்சேனால் எடுத்துக்கொள்ளலாம். காரத்தில் வைத்து மணிக்கணக்கில் மறந்துவிட்டால் அசிட்டைல் யூஜினாலும் உடைந்து யூஜினாலாகும். அளவு கூடிவிட்டதென்று மகிழ்ந்தால், அது செடியில் இருந்த அளவு இல்லை.

நல்லமிளகில் இதையே செய்யப் பார்த்துத் தோற்பவர்கள் உண்டு. பைப்பரின் அல்கலாய்டு என்று புத்தகத்தில் இருப்பதால் நீர்த்த அமிலத்தில் இறங்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அது ஓர் அமைடு, அமிலத்தோடு உப்பாகாது. சரியான வழி: 20 கிராம் பொடியை 150 மில்லி 95 சதவீத எத்தனாலில் சாக்ஸ்லெட்டில் (கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பொடிமேல் திரும்பத் திரும்ப விடும் கண்ணாடிக் கருவி) இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, 15 மில்லிக்கு வற்றவைத்து, எத்தனாலில் கரைத்த 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 15 மில்லி சேர்த்து, படிந்த ரெசினை விட்டுவிட்டு மேல்கரைசலை வடித்து ஓர் இரவு வைப்பது. மஞ்சள் ஊசிகள் இறங்கும். அந்த ஹைட்ராக்சைடோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் பைப்பரிக் அமிலமாகவும் பைப்பரிடினாகவும் உடைந்துவிடும். படிகத்தை இருட்டில் வைக்கவேண்டும். வெளிச்சத்தில் அதன் அமைப்பு மாறும்.

சாதிக்காயில் வேலை இன்னும் சுலபம். ஹெக்சேன் சாற்றை வற்றவைத்து, சூடான அசிட்டோனில் கரைத்து ஆறவிட்டால் டிரைமிரிஸ்டின் என்ற கொழுப்பு வெள்ளையாகப் படிகமாகும். மிரிஸ்டிசினும் மணமும் அசிட்டோனிலேயே நிற்கும். படிகம் 56 டிகிரியை ஒட்டி உருகினால் சுத்தம்.

## அடுக்கடுக்காகப் பிரிப்பது, அதில் கெடுவது

ஒரே செடியில் பலவற்றையும் பார்க்கவேண்டுமென்றால் 80 சதவீத எத்தனாலில் மொத்தமாக எடுத்து, நீரில் கலக்கி, ஹெக்சேன், எத்தில் அசிடேட், பியூட்டனால் என்ற வரிசையில் பிரிப்பது வழக்கம். வரிசை முக்கியம்: கொழுப்புப் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் மெழுகும் பச்சையமும் எல்லாப் பங்கிலும் புகுந்துவிடும். பியூட்டனால் சப்போனினையும் கிளைக்கோசைடையும் எடுக்கும், ஆனால் 118 டிகிரியில் கொதிப்பதால் வெற்றிடம் இல்லாமல் அதை விரட்ட முயலவேண்டாம்.

இங்கே அடிக்கடி வரும் பிழை, எத்தனாலை முழுதும் வற்றவைக்காமல் பிரிபுனலில் ஊற்றுவது. எத்தனால் இரண்டு பக்கமும் உறவாடும். எத்தில் அசிடேட் அடுக்கு பிரியவே பிரியாது. சப்போனின் மிகுந்த செடியில் குலுக்கினால் மோர்போல் நுரைத்து நிற்கும். குலுக்காமல் சாய்த்துச் சாய்த்துக் கலந்தால் அந்த நிலை வராது. வந்துவிட்டால் நிறைவுற்ற உப்புக்கரைசல் சேர்த்துப் பொறுமையாக இருக்கவேண்டும்.

ஒரேயடியாக ஊற்றுவதைவிடப் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது லாபம். ஒரு பொருள் நீரைவிட மேல்கரைப்பானில் 4 மடங்கு கரையும் என்று வையுங்கள். 100 மில்லி நீர்ச்சாற்றுக்கு 100 மில்லியை ஒரே தடவை ஊற்றினால் 20 சதவீதம் நீரிலேயே தங்கும். 50 வீதம் இரு தடவை என்றால் 11. 25 வீதம் நான்கு தடவை என்றால் 6 சொச்சம். கரைப்பான் செலவு ஒன்றுதான்.

சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து இனங்காணும் ஜிசி-எம்எஸ் கருவியின் பட்டியலை வாங்கியதும் எல்லாவற்றையும் செடியின் கணக்கில் எழுதவேண்டாம். தாலேட் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் புட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் கரைப்பான் கரைத்தெடுத்தவை. எத்தனால் சாற்றில் கொழுப்பமிலத்தின் எத்தில் எஸ்டரும், மெத்தனால் சாற்றில் மெத்தில் எஸ்டரும் மிகுந்திருந்தால், கரைப்பானே அவற்றை உண்டாக்கியிருக்கலாம். செடி எதுவும் இல்லாமல் வெறும் கரைப்பானை அதே முறையில் வற்றவைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆய்வகத்தில் ஈதர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் வெயிலில் நாகர்கோவில் அறையின் வெப்பமே அதன் கொதிநிலையை நெருங்கும். நாள்பட்ட புட்டியில் பெராக்சைடும் சேரும். வற்றும் வரை காய்ச்சினால் வெடிக்கும்.

## யாருக்கு எது

கிராம்பில் மணத்தை விற்கப்போகிறவர் கரைப்பானைத் தொடவே வேண்டாம். ஆவியில் வடித்தால் போதும். மிளகின் காரமும் மணமும் சேர்ந்த ஓலியோரெசின் என்றால் எத்தில் அசிடேட் அல்லது அசிட்டோன், அதுவும் மிச்சத்தை அளந்து சான்று தரும் தொழிற்கூடத்தில். பெரிய தொகுதியாக இருந்தால் மீமாறுநிலைக் கரியமில வாயு முறையில் (சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த வாயுவையே கரைப்பானாக்குவது) கூலிக்கு எடுத்துத் தருபவர்களிடம் விசாரியுங்கள். 31 டிகிரிக்கும் 74 பாருக்கும் மேல் வேலைசெய்யும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து எண்ணெயை ஒரு கலத்திலும் ரெசினைப் பிறிதொரு கலத்திலும் பிரிக்கலாம், மிச்சம் இருக்காது. எந்திரத்தைச் சொந்தமாக வாங்கும் கணக்கு சிறு விவசாயிக்குக் கட்டாது. பட்டப்படிப்பு ஆய்வுக்கு 80 சதவீத எத்தனால், பிறகு மேலே சொன்ன வரிசை. வெளிப்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய். பிச்சிப்பூவுக்கு மட்டும் ஹெக்சேனைத் தவிர்த்து மலிவான வழி இல்லை.

எதை எடுத்தாலும் வேலை முடிந்த சக்கையைக் கூரைக்கு வெளியே, அடுப்பும் பீடியும் அண்டாத இடத்தில், தகரத்தில் மெல்லப் பரப்பி முழுதும் ஆறவிடுங்கள். ஹெக்சேன் ஈரத்தோடு சாக்கில் கட்டிவைத்த சக்கையும் ஒரு தீக்குச்சியும் போதும், கூரை இருக்காது. உலர்ந்த பிறகு தென்னை மூட்டில் போடலாம். மீந்த கரைப்பானை ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் பெயர் எழுதிய கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ரப்பர் அடைப்பான் வேண்டாம், ஹெக்சேனில் அது ஊதிச் சிக்கிக்கொள்ளும்.